லேமினேஷன் படலம்

பாயிரம்

தமிழ்நாட்டில் ஒரு காகிதம் முக்கியமானது என்று முடிவாகிவிட்டால், அடுத்து அதற்கு நடப்பது ஒன்றுதான்: லேமினேஷன் போட்டுவிடுவார்கள். பிறப்புச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், குலதெய்வத்தின் படம், ஓட்டல் விலைப்பட்டியல், ‘கேட்டின் முன் வண்டி நிறுத்தாதீர்’ என்னும் எச்சரிக்கை என எல்லாவற்றுக்கும் பொதுவான சடங்கு இது. ஆனால் இச்சடங்குக்கு உரிய பிளாஸ்டிக்கைத் தேர்வது எப்படி என்பது குறித்து நம் புலமை உலகம் இதுவரை வாய் திறக்கவில்லை. மூத்தவர்கள் காப்பியங்களில் மூழ்கிக் கிடந்தார்கள், இளையவர்கள் பின்நவீனத்துவத்தில். 125 மைக்ரானா, 250 மைக்ரானா என்ற கேள்வி ஜெராக்ஸ் கடைப் பையன் தலையில் விழுந்தது. அவனும் கைக்கு எட்டிய பாக்கெட்டைப் பிரித்தான்.

அக்குறையைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம். முடிவை முதலிலேயே சொல்வது ஆய்வு மரபன்று. எனினும் ஆய்வேட்டைக் கடைசிவரை யாரும், நெறியாளர் உட்பட, படிப்பதில்லை என்பது பல்கலைக்கழகங்கள் அறிந்த உண்மை. ஆகவே இங்கேயே சொல்லப்படுகிறது. நம்மவர்கள் காகிதத்தின் மதிப்பைப் பார்த்து மைக்ரானைத் தேர்கிறார்கள். மதிப்பு ஏற ஏற மைக்ரானையும் ஏற்றுகிறார்கள். இது தலைகீழ். மதிப்பு ஏற ஏற மைக்ரான் இறங்க வேண்டும். ஆக உயர்ந்த காகிதத்துக்கு அது சுழியத்தில் வந்து நிற்க வேண்டும்.

கடை காண் படலம்

இப்பொருளில் முன்னாய்வு என்று சொல்லத்தக்கது, இயந்திரப் பெட்டிக்குள் வரும் துண்டுத்தாள் மட்டுமே. பல மொழிகளில் இருக்கும், தமிழ் இருக்காது. இயந்திரம் ஓடுகிறதா என்று பார்ப்பதற்காகக் கடைக்காரர் முதல் நாளே அதை லேமினேஷன் போட்டிருப்பார்.

எனவே கள ஆய்வே கதி. களம், பேருந்து நிலையம், தாலுகா அலுவலகம், மகளிர் கல்லூரி ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றுக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடை. நான்காம் வகைக் கடை ஒன்று இருப்பதற்குச் சான்று கிட்டவில்லை. அங்கே நிகழும் உரையாடல் பெரும்பாலும் இவ்வாறு அமையும்:

“தம்பி, இதுக்கு நல்லா கனமா ஒண்ணு போட்டுக் குடுப்பா.”

“125 போதும்ணே.”

“கேரி பேக்கே இப்ப 120 மைக்ரான்ங்கிறான். இது எம் பொண்ணு டிகிரிப்பா.”

“அப்ப 250 போட்டுரவா?”

“அதப் போடு.”

ஒரு முழுச் சிந்தனைப் பள்ளியே இதில் அடக்கம். இதனைத் தடிமன்வாதம் என்போம். மைக்ரான் என்ற அளவையைத் தமிழ் வீடுகளுக்குள் கொண்டுவந்தவர் இயற்பியல் ஆசிரியர் அல்லர்; கடைக்கடையாகப் பை பறிமுதல் செய்த மாநகராட்சி ஊழியர். 2016-இல் கேரி பேக் 50 மைக்ரானுக்குக் குறையக் கூடாது என்றார்கள். 2021 செப்டம்பர் இறுதியில் அது 75 ஆயிற்று. 2022 டிசம்பர் இறுதியில் 120. கத்தரிக்காய் வாங்கும் பையே ஆறு ஆண்டுகளில் இரண்டு மடங்குக்கு மேல் தடித்துவிட்டபோது, பி.எஸ்சி. பட்டம் மட்டும் 125-இல் நிற்பதைத் தடிமன்வாதி அவமானமாகக் கருதுவதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

கணக்கைப் பார்ப்போம். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாக வகுத்தால் ஒரு மைக்ரான். ஜெராக்ஸ் எடுக்கும் சாதாரண 75 ஜி.எஸ்.எம். தாள் ஏறத்தாழ 100 மைக்ரான் இருக்கும். தாளைச் செருகும் பிளாஸ்டிக் உறையான பவுச்சின் மேல் எழுதியுள்ள 125 என்பது ஒரு இதழுக்கான கணக்கு; மேலிதழ் ஒன்று, கீழிதழ் ஒன்று, ஆக 250. நடுவில் தாள் 100. மொத்தம் 350. “ஏடிஎம் கார்டு மாதிரி கெட்டியா வரணும்” என்பவர்களுக்கு ஒரு தகவல்: ஏடிஎம் கார்டு 760 மைக்ரான். 250 பவுச்சே போட்டாலும் 600-ஐத் தாண்டாது. அந்தக் கெட்டி வேண்டுமென்றால் தாளை மாற்றி அட்டையில் அச்சடிக்க வேண்டும். பிளாஸ்டிக்கை ஏற்றிக்கொண்டே போய்ப் பயனில்லை.

பாக்கெட்டில் 125 என்று அச்சிட்டிருப்பதாலேயே உள்ளே 125 இருக்கும் என்று நம்புவது ஆய்வாளனுக்கு அழகன்று. பிளஸ் ஒன் ஆய்வகத்தில் கம்பியின் விட்டம் காணக் கொடுத்தார்களே, அந்தத் திருகு அளவி இதற்கென்றே பிறந்தது. மீச்சிற்றளவு 0.01 மி.மீ., அதாவது 10 மைக்ரான். பவுச்சின் இரண்டு இதழ்களையும் சேர்த்துப் பிடித்தால் தலைக்கோலில் 25 பிரிவு வர வேண்டும். இருபதுதான் வருகிறது என்றால் சுழிப்பிழையைச் சரிபார்த்துவிட்டு, அதன் பிறகு மொத்த வியாபாரியிடம் பேசலாம். பள்ளிப் படிப்பு வாழ்க்கைக்கு உதவாது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

அகம்புறப் படலம்

தடிமன்வாதத்தின் அடிப்படைப் பிழை, இதழை ஒரே பொருள் என்று எண்ணியது. இதழுக்கும் அகம், புறம் உண்டு.

புறம் பாலியெஸ்டர். 1941-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் வின்ஃபீல்டு, டிக்சன் என்ற இரு வேதியியலர், துணிக்கு அச்சிடும் ஒரு நிறுவனத்தில் இருந்துகொண்டு, இழைக்கென்று உண்டாக்கிய பொருள் இது. இழையாக வந்தபோது டெரிலின் என்று பெயர் பெற்றது. நம் வீட்டுப் பெரியவர்கள் அறுபது, எழுபதுகளில் கல்யாணத்துக்கு எடுத்து, வேர்வையில் நனைந்து, அப்படியும் பெருமையாகப் போட்டுக்கொண்ட அந்த டெரிலின் சட்டையும், மகளின் பட்டத்துக்கு மேல் வரும் இந்தக் கண்ணாடிப் படலமும் ஒரே குடும்பம். காற்றுப் புகாத குணம் அன்றிலிருந்தே உண்டு.

அகம் எத்திலீன் வினைல் அசிட்டேட். கடையில் இதற்குப் பெயர் ‘கம்’. இது 100 டிகிரி செல்சியஸுக்குள் இளகி உருகிவிடும். பாலியெஸ்டர் உருக 250-க்கு மேல் வேண்டும். இயந்திரம் இவ்விரண்டுக்கும் நடுவே, பெரும்பாலும் 100-க்கும் 140-க்கும் இடையில், நின்றுகொள்கிறது. அகம் உருகித் தாளின் நார்களுக்குள் இறங்கும், புறம் அசையாது, வெளியே வந்து ஆறியதும் மூன்றும் ஒன்றாகிவிடும். லேமினேஷன் என்னும் மாயம் இவ்வளவுதான். இதற்குள் வேதாந்தம் காண விரும்புவோர் காணலாம்; இவ்வாய்வாளனுக்கு நேரமில்லை.

இனி முக்கியமான இடம். 125 என்றால் அகம் எவ்வளவு, புறம் எவ்வளவு? ஒருவர் 75 பாலியெஸ்டரும் 50 கம்மும் வைப்பார். இன்னொருவர் 50 பாலியெஸ்டர், 75 கம். இரண்டின் மேலும் 125 என்றே எழுதியிருக்கும். முன்னது விறைப்பாக நிற்கும், எளிதில் கீறாது, கிழியாது. பின்னது துவளும், ஆனால் கரடுமுரடான தாளிலும் தடித்த மையிலும் நன்றாகப் பிடிக்கும். கம் மலிவு, பாலியெஸ்டர் விலை கூடுதல் என்பதால் சந்தை எந்தப் பக்கம் சாயும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வெறும் மைக்ரானைக் கேட்டு வாங்குபவர் அகத்திணையா புறத்திணையா என்று தெரியாமல் பாட்டுக்கு உரை எழுதுகிறார்.

திருகு அளவி இங்கே உதவாது, தராசு உதவும். பாலியெஸ்டரின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.4 கிராமை ஒட்டியது, கம் 0.95-ஐ ஒட்டியது. ஏ4 பவுச்சின் வழக்கமான அளவு 216 × 303 மி.மீ. இரண்டு இதழும் சேர்ந்து கால் மில்லிமீட்டர் என்றால் கனஅளவு 16 கன சென்டிமீட்டருக்குச் சற்று மேல். புறம் மிகுந்த பவுச் 20 கிராமை நெருங்கும். அகம் மிகுந்தது பதினெட்டரையை ஒட்டி நிற்கும். நூறு பவுச் அடங்கிய பாக்கெட்டில் இது 150 கிராமை ஒட்டிய வேறுபாடு. மளிகைக் கடைத் தராசே போதும். பாக்கெட் ஒன்றே முக்கால் கிலோகூட இல்லை என்றால் மைக்ரானும் குறைவு என்று கொள்க.

பளபளப்பா, மங்கலா என்ற பிரிவும் உண்டு. கடை வழக்கில் கிளாஸ், மேட். பளபளப்பில் கறுப்பு ஆழமாகத் தெரியும், வண்ணம் துள்ளும். டியூப் லைட்டுக்குக் கீழே வைத்தால் லைட் மட்டும் தெரியும். க்யூஆர் கோடு உள்ள அட்டைக்கு மேட் நல்லது, ஸ்கேனர் கண் கூசாமல் படிக்கும். மேட் மேல் பேனாவால் எழுதலாம். கிளாஸ் மேல் ஒயிட்போர்டு மார்க்கரால் எழுதி அழிக்கலாம். இதற்கு மேல் இதில் ஆராய ஒன்றும் இல்லை.

பொறிப் படலம்

பவுச்சைத் தேர்வது நீங்கள் அல்ல, உங்கள் இயந்திரம். அட்டைப்பெட்டியில் அது தன் தகுதியை எழுதிக்கொண்டே வருகிறது, யாரும் படிப்பதில்லை. வீட்டுக்கென்று விற்கும் சிறிய ஏ4 இயந்திரங்களில் பல 125-க்கு மேல் தாங்காது. சில 150 வரை போகும். கடையில் இருக்கும் இரும்பு உடம்புக்காரர், வெப்பத்துக்கு ஒரு திருகும், ஹாட்-கோல்டு சுவிட்சும், ரிவர்ஸ் சுவிட்சும் உள்ளவர், 250-ஐ விழுங்குவார்.

சிறியதில் பெரியதைக் கொடுத்தால் என்ன ஆகும்? உள்ளே போகும், வெளியே வரும். ஆனால் கம் முழுதும் உருகியிராது. படலம் பால் கலந்த நிறத்தில், மூடுபனிக்குள் சான்றிதழ் தெரிவது மாதிரி, மங்கிக் கிடக்கும். “ஆறினா தெளிஞ்சிரும்” என்பார்கள். தெளியாது. இன்னொரு முறை விட வேண்டும், அல்லது வெப்பத்தை ஏற்ற வேண்டும். நேர்மாறாக, மெல்லிய 80 மைக்ரானைக் கொதிக்கும் இயந்திரத்தில் விட்டால் படலம் அலை அலையாக நெளியும். நோய் நாடுவோர்க்கு இலக்கணம் எளிது: பால் நிறம் என்றால் சூடு போதவில்லை அல்லது வேகம் அதிகம், நெளிவு என்றால் சூடு அதிகம் அல்லது வேகம் போதவில்லை.

கோல்டு சுவிட்ச் பற்றி ஒரு எச்சரிக்கை. அதைத் தட்டிவிட்டால் ஹாட் பவுச் குளிர்ந்த நிலையில் ஒட்டிக்கொள்ளும் என்று நம்புபவர்கள் படித்தவர்களிலும் இருக்கிறார்கள். கோல்டு என்பது வேறு இனம்: பின்தாளை உரித்தால் பசை காத்திருக்கும், அழுத்தம் மட்டும் போதும். ஃபிளெக்ஸ், வினைல், போட்டோ ஆகியவற்றுக்கு அது. ஹாட் பவுச்சைக் கோல்டில் விட்டால் அது போனபடியே திரும்பி வரும்.

பவுச்சின் மூடிய விளிம்பைத்தான் முதலில் உள்ளே விட வேண்டும். திறந்த பக்கத்தை விட்டால் மேலிதழ் ஒரு ரோலரையும் கீழிதழ் இன்னொன்றையும் காதலித்துச் சுற்றிக்கொள்ளும். ரிவர்ஸ் சுவிட்ச் எதற்கு என்பது அப்போது விளங்கும். ஸ்டேப்பிளர் பின்னைப் பிடுங்காமல் விடுபவர்களைப் பற்றி எழுத இந்த ஏட்டில் இடம் போதாது.

தீப்புகு படலம்

பவுச்சும் பொறியும் பொருந்தின. இனித் தாளைக் கேட்க வேண்டும். நூறு டிகிரிக்கு மேல் ஒரு நெருப்புக்குள் நுழையப் போகிறாய், உனக்குச் சம்மதமா என்று.

ஜெராக்ஸ் தாள் சம்மதிக்கும். அதன் எழுத்து ஏற்கெனவே பிளாஸ்டிக் பொடிதான். இயந்திரத்துக்குள் சூட்டில் உருகித் தாளில் பதிந்தது. ஒருமுறை தீக்குளித்ததற்கு இரண்டாம் முறை பயமில்லை. ஆனால் டிஜிட்டல் பிரஸ்ஸில் அடித்த பளபளப்பான வண்ணப் படத்தில் ஒரு சிக்கல் உண்டு. சில இயந்திரங்களின் சூட்டு உருளையில் பொடி ஒட்டாமலிருக்க சிலிகான் எண்ணெய் தடவுவார்கள். அந்த எண்ணெய் தாள்மேலும் கொஞ்சம் தங்கிவிடும். கம் அங்கே பிடிக்காமல் வெள்ளிப் புள்ளிகளாகக் காற்று நிற்கும். அதற்கென்று பிடிமானம் கூடிய படலம் தனியே விற்கிறது. இன்க்ஜெட்டில் அடித்ததை ஒரு நாளாவது உலர விட வேண்டும். ஈரம் உள்ளே இருந்தால் ஆவியாகிக் கொப்புளம் கட்டும். பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களின் மேல்பூச்சு ஜெலட்டின். தாத்தாவின் ஒரே படத்தை இதில் விடுவது அவரை இரண்டாம் முறை தகனம் செய்வது.

சம்மதிக்கவே சம்மதிக்காத தாள் ஒன்று உண்டு. தெர்மல் பேப்பர். பேருந்தில் நடத்துநரின் இயந்திரம் கக்கும் டிக்கெட், ஏடிஎம் சீட்டு, பெட்ரோல் பங்க் ரசீது, எடை பார்த்த சீட்டு எல்லாம் இது. இதில் மையே கிடையாது. தாளின் மேல் நிறமற்ற சாயமும் ஓர் அமிலப் பொருளும் பூசியிருக்கும். சூடு பட்ட இடத்தில் இரண்டும் கலந்து கறுக்கும். பிரின்டரின் சூடு எழுத்தளவுக்குத்தான் படும். லேமினேஷன் இயந்திரத்தின் சூடு முழுத்தாளிலும் படும். ஒரு முனையில் நுழைந்த ரசீது மறுமுனையில் அமாவாசையாக வெளியே வரும்.

இவற்றுள் ஆய்வுக்குரியது, அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்கும் இடத்தில் கொடுக்கும் அந்தச் சின்னக் கறுப்பு வெள்ளைப் படம். பிறக்காத பிள்ளையின் முதல் போட்டோ. தலை எது, கால் எது என்று டாக்டர் சொன்னால்தான் தெரியும். ஆனாலும் மாமியார் அதில் மூக்கைக் கண்டுபிடித்து, அது தன் வம்சத்து மூக்கு என்று நிறுவியும் இருப்பார். இத்தகைய ஆவணத்தை லேமினேஷன் போடாமல் வைத்திருக்க எந்தத் தகப்பனாலும் முடியாது. அதுவோ தெர்மல் பேப்பர். 125-ஆ, 250-ஆ என்ற விவாதம் முடிந்து, அவர் பெருமையோடு 250 என்று சொல்லி, தாள் உள்ளே போய், குழந்தை, மூக்கு, வம்சம் எல்லாம் ஒரே கறுப்பில் அடங்கிவிடும்.

தடுக்க ஒரு நகம் போதும். படத்தின் ஓரத்தில், எழுத்தில்லாத வெள்ளை மூலையில், நகத்தால் வேகமாக ஒரு கோடு தேய்த்துப் பாருங்கள். கறுத்தால் தெர்மல். அதை ஸ்கேன் செய்தோ கலர் ஜெராக்ஸ் எடுத்தோ அந்த நகலுக்கு லேமினேஷன் போடலாம். கோல்டு படலம் ஒட்டிவிடலாமே என்று குறுக்கு வழி தேடுவோருக்கு: கறுக்காது, ஆனால் பசைக்குள் இருக்கும் வேதிப்பொருள் மெல்ல மெல்ல எழுத்தைத் தின்றுவிடும். அதன் பிறகு மூக்கு வெள்ளையாகிப் போகும்.

நெய்தற் படலம்

இதுவரை பேசியது இரு பக்கமும் மூடும் பவுச். ஒரு பக்கம் மட்டும் மூடும் லேமினேஷன் ஒன்று உண்டு. அது தமிழ் இலக்கியத்தோடு நேரடித் தொடர்புடையது: புத்தக அட்டை.

அட்டைக்குப் போடுவது பவுச் அல்ல, ரோல். பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் படலம். கம்மோடு சேர்த்து 30 மைக்ரானுக்குள் அடங்கிவிடும். தடிமன்வாதி இதைக் கையில் வாங்கினால் அழுதுவிடுவார். சிறுபத்திரிகை மரபில் வந்த பதிப்பகங்கள் இதில் மேட்டைத் தேர்ந்தன. பளபளப்பு வணிக எழுத்துக்கு, மங்கல் தீவிர எழுத்துக்கு என்றொரு பாகுபாடு, எந்த விமர்சகரும் முன்மொழியாமலே, அச்சகங்களில் நிலைபெற்றுவிட்டது.

திணை வகுத்தால் இதற்கு நிலம் நெய்தல், ஊர் சென்னை, பெரும்பொழுது வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து 1977 முதல் புத்தகக் கண்காட்சி நடந்துவரும் காலம். காற்றில் ஈரம் இருக்கும். அட்டையின் உள்பக்கம் வெறும் தாள். ஈரத்தைக் குடித்து விரியும். வெளிப்பக்கம் பிளாஸ்டிக், ஈரமும் ஏறாது, விரியவும் விரியாது. ஒரு பக்கம் நீண்டு மறுபக்கம் நீளாவிட்டால் வளைவதைத் தவிர வழியில்லை. அட்டை மேல்நோக்கிச் சுருண்டு எழுந்துகொள்ளும். அடுக்கி வைத்த நாவல்கள் எல்லாம் தாமே தம்மைத் திறந்து வாசகனைப் பார்க்கும். வாங்குவதற்கு முன்பே யாரோ படித்துவிட்டதாக நினைத்து வாசகன் அடியிலிருந்து ஒரு பிரதியை உருவுவான்; அதுவும் சுருண்டிருக்கும். நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என்று முன்னோர் வகுத்தது பதிப்பாளரை நினைத்துத்தானோ என்று ஐயுற இடமுண்டு.

இதற்கு மருந்து நைலான் படலம். நைலான் ஈரத்தை ஊடுருவ விடும், தானும் தாளோடு சேர்ந்து கொஞ்சம் விரியும். அட்டை படுத்தபடி கிடக்கும். விலை கூடுதல் என்பதால் நம் புத்தகங்களில் அதைக் காண்பது அரிது. மற்ற நான்கு திணைகளுக்கும் தரவு சேகரிக்க நிதி கேட்டு விண்ணப்பித்திருக்கிறோம்.

சுழியப் படலம்

இனிப் பாயிரத்தில் சொன்ன தேற்றத்துக்கு வருவோம். மதிப்புக் குறைந்த காகிதத்திலிருந்து தொடங்கலாம்.

ஓட்டல் விலைப்பட்டியல். சாம்பார் கையால் தொடுவார்கள், ஈரத்துணியால் துடைப்பார்கள், குழந்தை கடிக்கும். அடுத்த மாதம் தோசை விலை ஏறினால் தூக்கி எறிந்துவிட்டு வேறு அடிக்கலாம். லேமினேஷன் என்ற கலை கண்டுபிடிக்கப்பட்டதே இதற்காகத்தான். தயங்காமல் 250 போடுங்கள். மூலை குத்தாமல் வட்டமாக வெட்டச் சொல்லுங்கள். வகுப்பறைச் சுவரில் உள்ள வாய்ப்பாடு, லிஃப்ட்டுக்குள் இருக்கும் எச்சரிக்கை, பேருந்து நேரப் பட்டியல் ஆகியவற்றுக்கு 125-லிருந்து 175 வரை. அலுவலக அடையாள அட்டைக்கு 125, பாலியெஸ்டர் மிகுந்ததாக.

கொஞ்சம் மதிப்பு ஏறட்டும். வாக்காளர் அடையாள அட்டை 1993-இல், தலைமைத் தேர்தல் ஆணையர் டி.என். சேஷன் காலத்தில், வந்தபோது லேமினேஷன் போட்டுத்தான் கைக்கு வந்தது. உள்ளே இருப்பது யார் முகம் என்பதை வாக்குச்சாவடி முகவர்கள் ஒருமித்து முடிவு செய்ய வேண்டியிருந்தது. அதற்குப் படலத்தைக் குறை சொல்ல முடியாது. ஆதாரைப் பொறுத்தவரை, சாதாரணத் தாளில் அச்சிட்டாலே செல்லும், பிளாஸ்டிக் அட்டை தேவையில்லை, கண்ட இடத்தில் அச்சிட்டால் க்யூஆர் கோடு கெடலாம் என்று 2018-இல் ஆதார் ஆணையமே அறிவுறுத்தியது. 2020-இல் அதே ஆணையம் 50 ரூபாய்க்குத் தானே ஒரு பிளாஸ்டிக் அட்டை தரத் தொடங்கியது. தடிமன்வாதிகள் அன்று அடைந்த மகிழ்ச்சி சொல்லி மாளாது.

இனி உச்சம்: பட்டம், மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், பிறப்புச் சான்று. இவை பார்ப்பதற்கான காகிதங்கள் அல்ல. மேலே முத்திரை குத்துவதற்கான காகிதங்கள். வெளிநாடு போக வேண்டுமென்றால் பின்பக்கத்தில் ஒருவர் முத்திரை குத்துவார், இன்னொருவர் கையெழுத்துப் போடுவார், மூன்றாமவர் வில்லை ஒட்டுவார். பாலியெஸ்டர் மேல் முத்திரை மை நிற்காது. உண்மைத்தன்மையைச் சோதிப்பவர் தாளைத் தடவிப் பார்ப்பார். நீரெழுத்தையும் மேடான அச்சையும் தேடுவார். நீங்களோ அதன் மேல் டெரிலின் சட்டை போட்டு நிறுத்தியிருக்கிறீர்கள். கம் ஒருமுறை நாருக்குள் இறங்கிவிட்டால் தாளைக் கிழிக்காமல் பிரிக்கவும் வழியில்லை.

ஆவணக் காப்பாளர்கள் இந்தப் பாடத்தைப் பணம் கட்டிப் படித்தவர்கள். 1930-களில் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் வில்லியம் பாரோ என்பவர் நைந்த ஆவணங்களைச் செல்லுலோஸ் அசிட்டேட் படலத்தோடு வைத்துச் சூட்டிலும் அழுத்தத்திலும் ஒட்டினார். உலகமெங்கும் பின்பற்றினார்கள். டெல்லியிலுள்ள நம் தேசிய ஆவணக் காப்பகம் ஒரு படி மேலே போய், இயந்திரமே இல்லாமல், அசிட்டோனில் நனைத்த பஞ்சால் துடைத்தே படலத்தை ஒட்டும் முறையைக் கண்டது. பிறகு கருத்து மாறியது. போட்டதைத் திரும்ப எடுக்க முடிய வேண்டும் என்பது ஆவணக் காப்பின் முதல் விதியாகிவிட்டது. 1970-களில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் வேறொரு வழியைப் பரப்பியது: பாலியெஸ்டர் தாள் இரண்டு, நடுவே ஆவணம், விளிம்பை மட்டும் மூடுவது. ஆவணத்தின் மேல் பசை ஒரு சொட்டும் படாது. கத்தரியால் ஓரத்தை வெட்டினால் காகிதம் புத்தம் புதிதாக வெளியே வரும்.

நம் கலைச்சொல்லில் சொன்னால், புறம் உண்டு, அகம் இல்லை. ஒட்டும் மைக்ரான் சுழியம். தேற்றம் நிறுவப்பட்டது. வீட்டுக்கு இதன் எளிய வடிவம், ஃபைலில் செருகும் பாலிப்ரொப்பிலீன் உறை. கொழகொழவென்று பிளாஸ்டிக் வாடை அடிக்கும் பி.வி.சி. கவர் கூடாது, ஜெராக்ஸ் எழுத்தைத் தாளிலிருந்து பிடுங்கித் தன் மேல் ஒட்டிக்கொள்வது அதுதான். சுவடிக்கு நம்மவர்கள் எண்ணெயும் விளக்குக் கரியும் தடவி, மேலும் கீழும் ஒரு மரச்சட்டம் வைத்துக் கயிற்றால் கட்டியதோடு நிறுத்திக்கொண்டார்கள். அவிழ்த்தால் அவிழும்.

தடைவிடைப் படலம்

வாய்மொழித் தேர்வில் எழக்கூடிய தடைகளுக்கு ஈண்டு விடை.

வெள்ளம் வந்தால்? தடிமன்வாதியின் பிரம்மாஸ்திரம் இது. 2015 டிசம்பரில் சென்னையில் இருந்தவர்களிடம் இதைச் சிரித்து ஒதுக்கவும் முடியாது. லேமினேஷன் போட்ட சான்றிதழ் சேற்றிலிருந்து கழுவி எடுக்கப்பட்டது உண்மைதான். ஆனால் ஜிப் வைத்த கெட்டியான பிளாஸ்டிக் பையும் அதே வேலையைச் செய்யும். மறுநாள் அதைத் திறக்கவும் முடியும். லேமினேஷனுக்குள் ஒரு மூலையில் நீர் புகுந்துவிட்டாலோ, வெளியேற வழியில்லாமல் உள்ளேயே பூசணம் பூக்கும்.

நகலுக்குப் போடலாமா? போடலாம். எத்தனை மைக்ரான் வேண்டுமானாலும் போடலாம். உண்மையில் தமிழ்நாட்டு மக்கள் அத்தனை பேரும் நகலுக்கு லேமினேஷனும் அசலுக்கு ஃபைலுமாக மாறிவிட்டால் இவ்வாய்வுக்கு வேலையே இருந்திருக்காது.

அசலுக்கு ஏற்கெனவே போட்டாகிவிட்டதே? தேர்வாளர் தம் மகனின் சான்றிதழை நினைத்துத்தான் இதைக் கேட்கிறார் என்பது முகத்தில் தெரியும். விடை: இரண்டாம் படி கேட்டு உரிய அலுவலகத்துக்கு மனு எழுதுக. பிரித்துத் தருகிறேன் என்று சொல்பவரிடம் கொடுக்கற்க.

ஓரம் வெட்டு படலம்

லேமினேஷனில் இறுதிச் சண்டை ஓரத்தைப் பற்றியது. தாளைத் தாண்டி இரண்டு படலங்களும் ஒன்றோடொன்று ஒட்டும் அந்த மூன்று மில்லிமீட்டர் கரைதான் நீரைத் தடுக்கிறது. ஏ4 தாள் 210 × 297, பவுச் 216 × 303 என்று இருப்பதன் காரணம் இதுவே. வாடிக்கையாளருக்கோ அது வீணான பிளாஸ்டிக். “பர்ஸுல நுழையணும், நல்லா ஒட்ட வெட்டிக் குடுங்க” என்பார். ஒட்ட வெட்டியதும் தாளின் விளிம்பு வெளியே தெரியும். பர்ஸின் வேர்வை அந்த வழியாக உள்ளே இறங்கும். சில மாதங்களில் மூலை வாய் பிளக்கும். அவர் விரலால் அதை நோண்டி நோண்டி முகம் வரை பிரித்துவிட்டு அதே கடைக்குத் திரும்ப வருவார்.

இந்தக் கட்டத்தில் செய்யத்தக்கது என்ன என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. பிளந்த படலத்துக்குள் ஈரமும் அழுக்கும் இருக்கின்றன. சூட்டில் விட்டால் ஆவி கிளம்பும். ஏற்கெனவே 350 மைக்ரானாக நிற்பது இன்னும் 250-ஐச் சுமந்து 600 ஆகும். சின்ன இயந்திரம் தொண்டையில் சிக்கும். இவ்வளவையும் இவ்வாய்வாளன் கவுன்ட்டரில் நின்று எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கையில், கடைக்காரத் தம்பி வாடிக்கையாளரைப் பார்த்துச் சொன்னான்:

“பிரிக்கவெல்லாம் வேணாம்ணே. மேலயே இன்னொண்ணு போட்டுரலாம்.”